ஒன்பதாவது குண்டு வரை

என் அக்கா கணவர் இதுவரை எத்தனை முறை செத்திருக்கிறார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. படிக்கட்டில் செத்திருக்கிறார், மொட்டை மாடியில், ஓடுகிற லாரியில், உணவகத்தின் சமையலறையில், ஒருமுறை கோட்டு சூட்டோடு நீச்சல் குளத்தில். சண்டைப் படங்களில் கதாநாயகன் துப்பாக்கியை உருவியதும் கதவை உதைத்துக்கொண்டு நான்கு அடியாட்கள் உள்ளே பாய்வார்களே, அதில் இடமிருந்து இரண்டாவது ஆள் அத்தான். வருவார், விழுவார். அதற்குள் கேமரா வேறு பக்கம் போய்விடும்.

தொழிலில் அவருக்கு ‘முதல்குண்டு’ என்று பெயர். கேலியாக வைத்தது, போகப்போக மரியாதையாகிவிட்டது. மற்றவர்கள் வெடிச்சத்தத்தைக் கேட்டு, அரை நொடி யோசித்து, அப்புறம் விழுவார்களாம். அந்த அரை நொடி திரையில் பல்லைக் காட்டிவிடும். அத்தானுக்கு அந்த அரை நொடியே கிடையாது.

நான் அதை முதலில் நேரில் பார்த்தது அவர்கள் வீட்டுக் கூடத்தில். அக்காவுக்குக் கல்யாணமான புதிது. அவருடைய வேலை என்னவென்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் கூச்சம். அவரே டிவி ரிமோட்டை என் கையில் கொடுத்தார்.

“சுடு மாப்ளே.”

“எதை?”

“என்னைத்தான்.”

வெட்கத்தோடு ரிமோட்டை நீட்டி, வாயால் ‘டுமீல்’ என்றேன். வலது தோள் பின்னால் வெட்டிப் போயிற்று. தலை ஒரு கணம் முன்னாலேயே தங்கியது. முழங்கால்கள் மடிந்தன. மனிதர் சோபாவுக்கும் சுவருக்கும் இடையில் துணி மாதிரிக் கிடந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை இல்லை. நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன். நிஜமாகவே ஒரு ஆளைக் கொன்றுவிட்ட பயம் வந்தது. எனக்குப் பயம் கூடப்பிறந்தது. பிழைக்க வந்த இந்த வெளிநாட்டில் அது இன்னும் தழைத்தது. குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். ஆனால் அன்றைக்கு வந்தது வேறு மாதிரியான பயம். கோயில் கோபுரத்தை அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றுமே, அந்த மாதிரி.

அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். “சுடறவன் என்ன பண்றான்? விரலை மடக்கறான். அதை யார் வேணா பண்ணலாம். கையில இருக்கறது துப்பாக்கியா ரிமோட்டான்னு முடிவு பண்றது நான்தான்.”

படங்களில் விழும் வேலை குறைந்தபிறகு, வீடியோ விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. ஊருக்கு வெளியே, கிடங்கு மாதிரி ஒரு பெரிய கூடம். கூரைக் குழாய்களில் வரிசையாகக் கேமராக்கள். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில், மூட்டுக்கு மூட்டு கோலிக்குண்டு அளவில் பளபளக்கும் உருண்டைகளை ஒட்டிவிடுவார்கள். கேமராக்கள் அந்த உருண்டைகளை மட்டும் பார்க்கும். அத்தான் அசைந்தால் திரையில் ஒரு சாம்பல்நிறப் பொம்மை அசையும். பிறகு அந்தப் பொம்மைக்கு முகம், தாடி, தழும்பு எல்லாம் வரைந்துவிடுவார்கள். கூடத்தில் வெடிச்சத்தமும் கிடையாது. ஒரு பெண் இரண்டு மரப்பலகைகளைப் படாரென்று தட்டுவாள். அதுதான் குண்டு.

அங்கே பதினொரு வருடம். ஒரே விளையாட்டில் வருகிற முந்நூறு அடியாட்களும் அத்தானின் உடம்பால்தான் சாகிறார்கள் என்று ஒருநாள் அவர் சாவகாசமாகச் சொன்னார். எங்கேயோ முன்பின் தெரியாத ஒருவர் தன் வீட்டு நாற்காலியில் சாய்ந்தபடி பொத்தானை அழுத்துகிறார், என் அத்தான் விழுகிறார். அதே கணத்தில் இன்னொரு கண்டத்திலும் விழுகிறார்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயதானபோதுதான் அந்த அழைப்பு வந்தது. புதிய விளையாட்டின் கடைசிச் சண்டையில் வில்லன் சாகவேண்டும். அடியாள் இல்லை, வில்லன். நீளமான மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கதாநாயகனுக்காகக் காத்திருக்கிற ஆள். இயக்குநர் அம்மாள் அத்தானைக் கூப்பிட்டுச் சோதனைக்கு வரச் சொன்னார்.

“முப்பது வருஷமா கதவை உதைச்சுக்கிட்டு உள்ள போனேன் மாப்ளே. இப்பத்தான் உள்ள உக்காந்திருக்கக் கூப்பிட்டிருக்காங்க” என்றார் போனில். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சோதனை நடந்த அன்று மாலை போனேன். அக்கா வாசலிலேயே உதட்டைப் பிதுக்கினாள். அத்தான் சோபாவில் உட்கார்ந்து தன் கால்களை யாரோ அந்நியரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். வில்லனுக்கு ஒன்பது குண்டுகள். எட்டு குண்டு வாங்கியும் நிற்கவேண்டும், மேசையைச் சுற்றி நடந்து வரவேண்டும், ஒன்பதாவதில்தான் விழவேண்டும். அந்தப் பெண் பலகையை ஒருமுறை தட்டினாள். அத்தான் விழுந்துவிட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்தார். மறுபடி தட்டினாள். மறுபடி விழுந்தார். ஆறு முறை தட்டினாள், ஆறு முறையும் முதல் குண்டிலேயே விழுந்தார். ஆறாவது முறை யாரும் சிரிக்கவில்லை. சுவரோரம் இன்னொருவர் உடையெல்லாம் மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தார். சர்க்கஸிலிருந்து வந்த உயரமான ஆள், அத்தானைவிட இருபது வயது இளையவர்.

“நாளைக்கு ஒரே ஒரு தடவை பார்க்கறேன். முடியலேன்னா அவருக்குக் குடுத்துடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க” என்றாராம் இயக்குநர் அம்மாள்.

“எடுத்துக்க என்ன இருக்கு? சத்தம் காதுக்கு வர்றதுக்குள்ள நான் தரையில இருக்கேன். பதினொரு வருஷமா அதுக்குத்தானே சம்பளம் குடுத்தாங்க” என்றார் அத்தான் எங்களிடம்.

அக்கா சும்மா இருக்கிறவள் இல்லை. அடுக்களைக்குப் போய்க் கரண்டியும் பெரிய பாத்திரத்தின் மூடியும் கொண்டுவந்தாள். “எழுந்திரிங்க. நிக்கப் பழகுங்க.”

“உனக்கு இது ரொம்ப நாள் ஆசை, இல்ல?”

“பேச்சைக் குறைங்க.” டங் என்று அடித்தாள். விழுந்தார். டங். விழுந்தார். சோபாவை நகர்த்தினோம். டங். நான்காவது முறை துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கம் விழுந்தார். கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு அம்மாள் மூச்சிரைக்க நின்றிருந்தார்.

“யாராவது விழுந்துட்டாங்களா?”

“விழாம இருக்கத்தாங்க பழகறோம்” என்றாள் அக்கா, கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

அந்த அம்மாள் போனதும் எனக்கு அடக்கமுடியாத சிரிப்பு வந்தது. அத்தான் சிரிக்கவில்லை. தரையிலேயே கிடந்தபடி சொன்னார்: “இது முடியலேன்னா, எனக்குத் தெரிஞ்சது இந்த ஒண்ணே ஒண்ணுதான்னு ஆயிடும்.”

அக்கா கரண்டியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் கால்களைப் பார்த்தபடி கேட்டாள்: “எங்கேர்ந்து விழ ஆரம்பிக்கறீங்க?”

“என்னது?”

“தோளா? முட்டியா? முதல்ல எது போகுது?”

அவர் யோசித்தார். முப்பது வருடத்தில் யாரும் அதை அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. எழுந்து நின்றார். “மெதுவா ஒண்ணு அடி.” அடித்தாள். விழுந்தார். “குதிகால்” என்றார் தரையிலிருந்து. “வலது குதிகால். அது தூக்கிடுது. அப்புறம் நான் கூடவே போறேன்.”

“அப்ப குதிகாலைப் பிடிச்சு வைங்க.”

“பிடிச்சா கட்டை மாதிரி நிப்பேன். குண்டு பட்டவன் கட்டை மாதிரியா நிப்பான்?” என்றவர், சட்டென்று குனிந்து தன் வலது குதிகாலைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் வீட்டை விட்டு வெளியே போகச் சொன்னார். அக்காவும் நானும் ஒன்றரை மணி நேரம் தெருமுனைக் கடையில் தேநீரை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இடுப்பு ஒடிந்தால் யார் பார்ப்பது, வேலை போனால் இங்கே தங்குவதற்கான அனுமதி என்னாகும் என்றெல்லாம் என் மனம் ஓடியது.

மறுநாள் எங்களையும் உள்ளே விட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், திரைகளுக்குப் பக்கத்தில் நின்றோம். கூடத்தின் நடுவில் நான்கு இரும்புக் குழாய்களை மாட்டி மேசை என்று வைத்திருந்தார்கள். அதன் பின்னால் அத்தான் உட்கார்ந்திருந்தார். எதிரே கதாநாயகனாக நடிக்கும் இளைஞர், கையில் பிளாஸ்டிக் துப்பாக்கி. உடம்பெல்லாம் உருண்டைகளோடு இரண்டு பேரும் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தார்கள்.

பலகை படாரென்றது.

அத்தான் விழ ஆரம்பித்தார். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். குதிகால் எழும்பியது, தோள் வெட்டியது, முட்டி மடிந்தது. எல்லாம் எப்போதும் போலத்தான். ஆனால் பாதி வழியில் அவர் அந்த விழுகையை நிறுத்தினார். கீழே போய்க்கொண்டிருந்த உடம்பு அங்கிருந்தே திரும்பி மேலே வந்தது, அவிழ்ந்த மூட்டையை யாரோ மறுபடி கட்டித் தூக்குவது போல.

இரண்டாவது பலகை. மறுபடி முழுதாகச் செத்தார், மறுபடி பாதியில் திரும்பினார். மூன்றாவது வயிற்றில். நான்காவதில் மேசைக் குழாயைப் பிடித்தார். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு சாவு, ஒவ்வொன்றும் வேறு, எதுவும் தரையைத் தொடவில்லை. திரையில் அந்த முகமில்லாத சாம்பல் பொம்மை மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கணினிக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்கள். ஐந்து, ஆறு, ஏழு. முப்பது வருடம் இடமிருந்து இரண்டாவதாக விழுந்த அத்தனை பேரும் அந்த ஒரே உடம்பில் எழுந்து நடந்து வருவது போலிருந்தது எனக்கு. எட்டு.

இப்போது அவருக்கும் அந்த இளைஞருக்கும் இடையில் இரண்டடி.

ஒன்பதாவது பலகை படாரென்றது. அவர் விழவேண்டிய குண்டு. அத்தான் அசையவில்லை. நிமிர்ந்து அந்த இளைஞரின் முகத்தைப் பார்த்தார். கோபமில்லை, ஏதோ கேட்க நினைத்து மறந்துவிட்ட ஆள் மாதிரி. இளைஞர் ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தார். அதன்பிறகுதான் அத்தான் விழுந்தார், அவசரமே இல்லாமல்.

அங்கே ஒரு வழக்கம். விழுந்தவர் தானாகக் கையைத் தூக்கிக் காட்டும்வரை யாரும் அசையக்கூடாது, பேசக்கூடாது. கை எழுவதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது. எழுந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் அந்த இளைஞர்தான். “மன்னிச்சுடுங்க மேடம், இன்னொரு டேக் போகலாம். நான் பின்னாடி போயிட்டேன், அது எனக்குச் சொல்லிக்குடுத்த அசைவுலயே இல்ல.”

“எதுக்குப் போனீங்க?” என்றார் இயக்குநர் அம்மாள்.

இளைஞர் கையிலிருந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தார். “தெரியல. பயமா இருந்துச்சு.”

“அப்ப அப்படியே இருக்கட்டும். ரெண்டு பேரோடதையும் வச்சுக்கறேன்” என்றவர் அத்தானிடம் திரும்பினார். “வில்லன் நீங்கதான்.”

இப்போது அந்த விளையாட்டு வெளிவந்துவிட்டது. கடைசிச் சண்டையின் முடிவில், யார் ஆடினாலும், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஒன்பதாவது குண்டைச் சுட்டதும் கதாநாயகன் ஒரு அடி பின்வாங்குகிறான். பொத்தானை எப்படி அழுத்தினாலும் அதைத் தடுக்கமுடியாது. இதை நான் அத்தானிடம் சொன்னபோது அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல பையன்” என்றார். “சரியான நேரம் பார்த்துப் பயந்தான்.”