வேப்பிலை கட்டிய வாசல்

பன்னிரண்டு வயதில் வந்த அம்மை என் இரண்டு கன்னத்திலும் குழி குழியாகத் தழும்பு வைத்துவிட்டுப் போனது. முப்பதுக்குள் மூன்று மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போனார்கள். நான்காவதாக, நரிக்குடிப் பக்கத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது.

எனக்கு அலுத்துப்போயிருந்தது. செவ்வாய்க்கிழமை, அம்மாவிடம் சொல்லாமல் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, தழும்பை மங்க வைக்கும் மதுரைத் தோல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் ரத்தம் எடுத்து, மிஷினில் சுற்றி, மேலே தெளிந்த மஞ்சள் நீரை முகத்தில் தடவி, பேனா மாதிரி இருந்த ஊசிக் கருவியால் முகமெல்லாம் குத்தினார்கள். பலன் தெரிய மாதக் கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். தெரிந்துதான் போனேன். ஆசை யாரை விட்டது!

திருச்சுழிப் பக்கத்து வெயிலில் முகம் தக்காளியாய்ச் சிவக்க வீடு வந்து, அப்படியே படுத்துத் தூங்கிவிட்டேன். விழித்தபோது வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்பிய அம்மா, என் முகத்தில் ஊசி குத்திய புள்ளிகளை அம்மை என்று நினைத்துக் கட்டியிருந்தாள்.

"ஆத்தா திரும்பவும் வந்துட்டா தாயி. அசையாமப் படு."

ஊசி குத்திக்கொண்டேன் என்றால், ஆத்தா போட்டதில் கை வைத்தாயா என்று ஆடித் தீர்த்துவிடுவாள். அந்தச் சண்டைக்கு உடம்பில் தெம்பில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று புரண்டு படுத்தேன். சோம்பேறிக் கழுதை!

காலையில் வாயைத் திறக்குமுன் நரிக்குடிக்காரர்கள் வந்து நின்றார்கள். ஞாயிறு நாள் சரியில்லையாம். மாப்பிள்ளையின் தாயார் வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். படியேறவில்லை.

"ஆத்தா இருக்கிற வீடு மதினி. பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துங்க, பெறகு வாரோம்."

கதவுக்குப் பின்னால் நின்றேன். ஓடிப்போய், அம்மை இல்லை, அழகுக்காக ஊசி போட்டுக்கொண்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

சனிக்கிழமை தரகர் போன் செய்தார். அவர்களுக்கு வேறு இடம் அமைந்துவிட்டதாம். அம்மா போனை வைத்துவிட்டு வேப்பிலை பறிக்கப் போனாள்.

மறுநாள் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை என் தலையில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே முணுமுணுத்தாள்.

"இந்தத் தடவையாச்சும் எம்பிள்ளை மூஞ்சியில ஒண்ணும் வச்சிராத தாயே. முன்ன வச்சதையும் எடுத்துக்க. வேணும்னா எம்மூஞ்சியில போட்டுக்க."

இத்தனை வருஷத்தில் என் தழும்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை வருந்தி நான் கேட்டதில்லை. குனிந்து உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.