பாதிக் கடனை விட்டுக்கொடுக்கச் சொல்லி: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி

கடனைக் கட்ட முடியாத நாடு ஒன்று, கடன் கொடுத்த நாடுகளிடம் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறதாம். ஒவ்வொரு நாடும் ‘மற்றவர்கள் எவ்வளவு குறைக்கிறார்கள்?’ என்கிறதாம். செய்தித்தாளில் படித்ததும் சிரிப்பு வந்தது. 1991-இல் நானே அப்படி ஒரு பயணம் போயிருக்கிறேன். நாட்டிலேயே டாலர் இல்லாத வருடம். இரும்பு விலை ஏறி, ஆர்டர் நின்று, அம்பத்தூர் எஸ்டேட்டில் என் லேத் பட்டறை முழுகிக்கொண்டிருந்தது. மூன்று பேருக்குக் கடன். ஒருவர் கோர்ட்டுக்குப் போனாலும் லேத் மெஷின் ஜப்தியில் போய்விடும், பிறகு யாருக்கும் காலணா தேறாது. ஆளுக்குப் பாதியை விட்டுக்கொடுத்தால் மீதியை இருபது மாதத்தில் கட்டிவிடலாம். இதை மூன்று தாளில் தனித்தனியாக எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

காலை 8.30. முதலில் எஸ்டேட்டுக்குள்ளேயே இருந்த இரும்புக் கடை, அரை கிலோமீட்டர் நடை. பாக்கி இருபத்து நாலாயிரம். "இன்னாபா, பாதிய முழுங்கிட்டியே. தனியா ரெண்டாயிரம் வெட்டு, கையெய்த்து போடறேன். யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத" என்றார் கடைக்காரர். சட்டைப்பையிலிருந்து ரெண்டாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன். பயந்தாங்கொள்ளி வேலைதான்.

9.40 மின்சார ரயிலில் ஆவடி, பதினைந்து நிமிடம், டிக்கெட் ஒரு ரூபாய். ஃபாக்டரி குவார்ட்டர்ஸுக்கு ரிக்‌ஷா ஐந்து ரூபாய் கேட்டார்கள். இரண்டு கிலோமீட்டர்தானே என்று நடந்தேன். ரோஸ்லின், அந்த ஃபாக்டரியில் வேலை பார்த்து இறந்துபோன என் நண்பனின் மனைவி. அவனுடைய பி.எஃப். பணத்திலிருந்து இருபதாயிரம் எனக்குக் கொடுத்திருந்தார். நாலு மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டிய நிலை. "மத்தவங்களுக்கும் பாதிதானே அண்ணே?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு மோர் கொடுத்தார். டம்ளரைக் காலி செய்யாமலே கிளம்பினேன்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி பத்து கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றேகால் ரூபாய், நாற்பது நிமிடம், முழுக்க நின்றபடி. முலாம் பட்டறை காதருக்குப் பன்னிரண்டாயிரம் தர வேண்டும். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, ஆளுக்கொரு பேப்பரா? ஒரே பேப்பர்ல மூணு பேரையும் எய்து. யாருக்கு எவ்ளோன்னு எல்லாரும் பாக்கட்டும்."

பேனாவைத் திறந்தேன், எழுத முடியவில்லை. ரெண்டாயிரம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். "அதையும் எய்து. இரும்புக் கடைக்காரருக்கு மிச்சம் தர பன்னெண்டாயிரத்துல கயிச்சிக்கோ" என்றார். முதல் கையெழுத்தும் அவரே போட்டார். சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரை சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். அந்த மனிதருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

வந்த வழியே திரும்பினேன். ரெண்டாயிரம் என்ற வரியில் ரோஸ்லின் விரலை வைத்தார். "காலையிலயே கேட்டேனே அண்ணே." பிறகு கையெழுத்துப் போட்டார். ஐந்தரை மணிக்கு இரும்புக் கடைக்காரர் முறைத்தார். மற்ற இரண்டு கையெழுத்தையும் பார்த்ததும் முணுமுணுத்துக்கொண்டே போட்டார். லேத் தப்பியது.

இப்படிக் கடன் பேசக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். காலையிலேயே கிளம்புங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், ஆவடி – பூந்தமல்லிக்கு ரயில் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். கத்துகிறவருக்குத் தனியாகக் கொடுத்தால், கத்தாதவர் தலையில்தான் விடியும்.

இருபது மாதமும் தவறாமல் கட்டினேன். பட்டறை நிமிர்ந்ததும், ரோஸ்லின் விட்டுக்கொடுத்த பத்தாயிரத்தையும் எடுத்துக்கொண்டு, அவர் குடிபோயிருந்த மாங்காட்டுக்குப் போனேன். பணம் வைத்த கவரை அவர் தொடவில்லை.

"மத்த ரெண்டு பேருக்கும் குடுத்தாச்சா?"

"இல்லம்மா, முதல்ல உங்களுக்குத்தான்."

"அவங்களுக்கும் சேர்த்துக் கொண்டாங்க அண்ணே. அன்னிக்கு வாங்கிக்கறேன்."

அதற்கு எனக்கு மூன்று வருடம் ஆனது. ஒரே நாளில் மூன்று கவரோடு கிளம்பினேன். அவ்வளவு நிம்மதியான பயணம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.