ஈரத்துணிக்காரர்

எங்கள் கடையில் அவருக்கு ஈரத்துணி என்றுதான் பெயர். முதலாளியின் மச்சினர். பாத்திரக் கடையின் முன்பக்கத்தில் கத்தி, கத்தரிக்கோல், சாணைக்கல் விற்கும் மேசை அவருடையது. எனக்கு பில் போடும் வேலை. என் நாற்காலி அந்த மேசைக்கு நேர் எதிரே. அதனால் அங்கே நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும், வேண்டாமென்றாலும் தெரியும்.

முன்பு ஒரு பெரிய ஓட்டல் சமையலறையில் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தவர். முதுகு மக்கர் செய்ததும் கழற்றிவிட்டார்கள். வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. அவருடைய அக்கா, புருஷனை விடாமல் நச்சரித்து இந்த மேசையை வாங்கிக் கொடுத்தார். இதையும் விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. அது முதலாளிக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கல்லில் லாபம் கொஞ்சம்தான். கல்லோடு சேர்த்துத் தலையில் கட்டும் உருப்படிகளில்தான் காசு. கல் நகராமல் பிடித்துக்கொள்ள ஒரு தாங்கி. கத்தியைச் சரியான சாய்வில் வைக்க அதன் முதுகில் மாட்டும் கிளிப். தேய்ந்து குழி விழுந்த கல்லைச் சமப்படுத்த ஒரு தட்டு. அதன் விலை கல்லின் விலையைவிட அதிகம், எந்தப் புண்ணியவான் வைத்தானோ. கடைசியில் கத்தியை இழுத்து மெருகேற்ற, மரத்தில் ஒட்டிய தோல் பட்டை. எல்லாம் கண்ணாடி அலமாரியில் நகை மாதிரி வீற்றிருக்கும்.

யாராவது, "இதெல்லாம் கண்டிப்பா வேணுமா?" என்று கேட்டால் போச்சு. மனுஷருக்கு வாய் சும்மா இருக்காது.

"எதுக்குங்க? ஈரத்துணிய மடிச்சு கல்லுக்கு அடியில போடுங்க, ஆடாது. ரெண்டு காச அடுக்கி, அது மேல கத்தி முதுக வச்சுப் பாருங்க, எவ்வளவு சாய்க்கணும்னு கைக்குப் புரிஞ்சிடும். கண்ணாடித் துண்டு மேல உப்புத்தாள ஒட்டி கல்லத் தேச்சா சமமாயிடும். தோல் பட்டைக்கென்ன, வயிறு பெருத்து நீங்க ஒதுக்கி வச்ச பெல்ட் ஒண்ணு வீட்டுல இருக்கும்ல?"

அவர் மேசையைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும். என்னிடம் வரும்போது ஆளுக்கு ஒரு கல் மட்டும் கையில் இருக்கும். கேட்டுப் போனவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிவந்தார்கள். வாசலிலேயே, "ஈரத்துணிக்காரர் இருக்காரா?" என்று விசாரிப்பார்கள். கண்ணாடி அலமாரியைத் திறக்கும் வேலையே இல்லாமல் போனது. முதலாளி ஒருநாள் பொரிந்து தள்ளிவிட்டார்.

"மாப்ள, நீ கடைக்கு வேலை பாக்குறியா, கடைய மூட வேலை பாக்குறியா?"

"கேட்டாங்க, சொன்னேன் அத்தான்."

"கேட்டா ஆமா, வேணும்னு சொல்லு. வரலன்னா வாயத் தொறக்காத. இன்னொரு தடவ இப்படி நடந்துச்சு, உங்க அக்காவுக்காகன்னெல்லாம் பாக்க மாட்டேன்."

அவர் தலையாட்டினார். மறுநாள் சொன்னபடியே வாயைத் திறக்காமல், கல்லைத் தாங்கியில் பொருத்திக் கத்தி தீட்டிக் காட்டினார். மேசை எவர்சில்வர். கல்லில் ஊற்றிய தண்ணீர் சிந்தியதும் தாங்கியே வழுக்கிக்கொண்டு போனது. அவருடைய கை தன்பாட்டுக்கு ஒரு துணியை நனைத்தது, பிழிந்தது, மடித்து அந்த விலையுயர்ந்த தாங்கிக்கு அடியில் செருகியது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அப்ப தாங்கி எதுக்குங்க?" என்றார் ஒருவர். முதலாளி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை, உள்ளே போய்விட்டார். அவர் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

வேலை போகவில்லை. கொஞ்ச நாள் கழித்து அட்டைப் பெட்டிகள் வந்திறங்கின. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு துண்டுத் துணி, ஒரு கண்ணாடித் துண்டு, உப்புத்தாள், இரண்டு பித்தளை வில்லை, ஒரு தோல் வார். விலை கிட்டத்தட்ட தாங்கியின் விலைதான். மூடியில் ஈரத்துணியின் முகம், பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

"என் படம் எதுக்கு அத்தான்?"

"நீ பொய் சொல்ல மாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும்ல. இனிமே என்ன வேணாலும் பேசிக்கோ மாப்ள, நான் குறுக்க வரல."

முதல் நாளே ஓர் அம்மாள் இரண்டு பெட்டிகளை எடுத்தார். ஈரத்துணி குறுக்கே போய் நின்றார்.

"வேண்டாம்மா. உள்ள இருக்கிறது வெறும் துணி. உங்க வீட்டுல கிழிஞ்ச துண்டு இருந்தா போதும்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "தன் பொருளயே இப்படிச் சொல்றாரே! இந்தக் காலத்துல யாரு சொல்வா?" என்று சொல்லி, தங்கைக்கென்று இன்னொரு பெட்டியையும் எடுத்துக்கொண்டார். நான் மூன்றுக்கும் பில் போட்டேன்.

அவர் என் மேசைக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"நான் சொன்னது அவங்களுக்குக் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சுண்ணே."

"பின்ன ஏன் வாங்குறாங்க?"

"உங்கள நம்பித்தான்."

அதற்குப் பிறகும் சிலரிடம் சொல்லிப் பார்த்தார். எவ்வளவு சொன்னாரோ அவ்வளவு விற்றது. கடைசியில் முதலாளியிடம் போய், முன்பக்கம் வேண்டாம், குடோனில் போட்டுவிடுங்கள் என்று கேட்டார். முதுகு இருக்கும் நிலையில் அவரால் அங்கே மூட்டை தூக்க முடியாது. முதலாளி மறுப்பார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

முதலாளி கணக்கிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"தாராளமா போ மாப்ள. இங்கதான் படம் இருக்கே."