தகரத்துக்குள் போன மலை உச்சி

காலண்டருக்குப் படம் எடுக்கிற தொழிலில் கேமரா பாதி, கவலை பாதி. எனக்குக் கவலைதான் முக்கால். கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிற உங்களுக்கு இது புரியும்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் மாதத் தாள்களை அடுக்கி, தலையில் தகரப் பட்டை அடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கல்யாண வீடுகளில் படம் எடுத்தேன். இந்த ஆடியில் அந்தக் கம்பெனி மேனேஜர் மலைப் படம் கேட்டார். எப்போதும் வெளிநாட்டுப் பனிமலைதான் போடுவார்கள். "நம்ம மேற்கு மலையைக் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டேன். பதினெட்டாம் பெருக்கன்று அடுத்த வருசக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகும். அதற்குள் படம் சேராவிட்டால் மறுபடியும் பனிமலைதான்.

ஆனைக்குட்டம் அணைக் கரையில்

மூன்று நாள் விடியலிலும் உச்சியை மேகம் மூடியிருந்தது. கேமரா ஸ்டாண்டு காற்றில் ஆடியது. லென்ஸில் தூசி இருக்குமோ, பேட்டரி தீருமோ என்று எனக்கு உதறல். ஆடு மேய்க்க வந்த ஒரு அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார்.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், நீ மூணு குச்சிய நட்டு வச்சுட்டு நிக்கியே தாயி, வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தியா?"

வானமே இல்லை

நாலாம் நாள் மேகம் விலகியது. பாறை உச்சியில் முதல் வெயில்! உச்சியை எவ்வளவு பெரிதாக இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து எடுத்தேன். கம்பெனிக்கு ஓடினேன். மேனேஜர் படத்தின் தலையில் ஒரு தகரப் பட்டையை வைத்தார். உச்சியைக் காணோம். மேலே வானமே விடாமல் எடுத்திருக்கிறேன்!

கம்ப்யூட்டரில் வானத்தை ஒட்டி, கொஞ்சம் பனியும் தூவித் தருவதாகச் சொன்னார்கள். தினமும் அந்த மலையைப் பார்க்கிற ஊர் இது, சிரித்துவிடும். "ரெண்டு நாள் குடுங்க" என்றேன். மேனேஜர் தலையில் கை வைத்தார்.

"பத்து வருசம் தகரம் அடிச்ச நீங்களே தகரத்த மறந்துட்டீகளேக்கா!"

பேச்சியம்மாள்

முதல் நாள் மழை. இரண்டாம் நாள் ஒரு டீ ஆறுகிற நேரம் மட்டும் உச்சி திறந்தது. மேலே நாலு விரல் வானம் விட்டு எடுத்தேன். ஓடுகிற பஸ்ஸிலேயே பத்துத் தடவை திறந்து பார்த்தேன், அழிந்துவிடவில்லையே என்று.

ஆல்பத்தில் சேர்த்துவிட்டார்கள்! மாதிரிக் காலண்டருக்குத் தகரம் அடித்தது என்னோடு முன்பு வேலை பார்த்த பேச்சியம்மாள். நான் பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அவள் பட்டையை அமுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"கண்ணத் தொறக்கா, ஒன் மலை மேல நகக்கண் அளவுகூடத் தகரம் படல."

எத்தனையோ காலமாக அசையாமல் நிற்கிற அந்த மலைக்கு அவர்கள் ஒதுக்கியது பிப்ரவரி மாதம், இருபத்தெட்டே நாள்.