வெயிலில் வைத்த நான்கு ஹேண்ட்கார்டுகள்

அந்த வாரத்தில் கிளினிக்குக்கு வந்த மூன்றாவது இடது உள்ளங்கை அது.

சவூதியில், தம்மாமிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், பாலைவனத்துக்கு நடுவே இருந்த ஒரு பம்பிங் ஸ்டேஷனில் நான் ஆண் நர்ஸாக வேலை பார்த்தேன். இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து போனவன் நான். அங்கே எல்லோருக்கும் நான் 'பிரதர்'தான். வழக்கமாக என்னிடம் வருவது தலைவலி, வெயில் மயக்கம், கண்ணில் விழுந்த மணல். தீக்காயம் என்றால் சமையல்கூடத்திலிருந்து எப்போதாவது ஒன்று வரும்.

ஆனால் அந்தக் கோடையில் வந்தவர்கள் சமையல்காரர்கள் அல்ல, காவலர்கள். அவசர நிலைக்கு எல்லோரும் தயாராக இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து, வாரத்துக்கு இரண்டு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சைரன் ஊதும். கேட்டில் நிற்கும் காவலர்கள் துப்பாக்கியோடு எண்ணெய்த் தொட்டிகள் இருக்கும் பக்கம் ஓடுவார்கள். ஓடி முடித்ததும் ஒருவரோ இருவரோ கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

மூன்றாவதாக வந்தவர் ஆறடி உயரம், நான்கு பிள்ளைகளின் அப்பா. வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கதவைக் காலால் தள்ளித் திறந்தார்.

"என்ன ஆச்சு?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

"பந்தூக், பிரதர். பந்தூக் கரம்." துப்பாக்கி சூடாம்.

தண்ணீரில் கையை நனைத்துவிட்டு விளக்கடியில் விரித்துப் பார்த்தேன். அப்போதுதான் சட்டென்று கவனித்தேன். கொப்புளங்கள் கண்டபடி எழும்பவில்லை. சிவந்த கோடுகள், அவற்றுக்கு நடுவே நீள்வட்டமாகச் சிவக்காத இடங்கள், எல்லாம் ஒரே இடைவெளியில் வரிசையாக. முதல் இரண்டு கைகளிலும் இதே வரிசையைப் பார்த்திருக்கிறேன், யோசிக்காமல் மருந்து தடவி அனுப்பிவிட்டேன். கட்டுப்போடும் துணியின் கண்ணாடித்தாள் உறையை அந்த உள்ளங்கையின் மேல் படாமல் பிடித்து, பேனாவால் அந்த வடிவத்தை அப்படியே வரைந்தேன். அந்த மனுஷர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

கட்டுப்போட்டு முடித்ததும் தாளோடு கேட்டுக்கு நடந்தேன். காவல் பிரிவின் தலைவர் அங்கே இருந்தார். நரைத்த மீசை, உரத்த குரல், முன்பு பட்டாளத்தில் இருந்தவர். துப்பாக்கியை நான் தொட அவர் விடவில்லை. குண்டுகளை எடுத்துவிட்டு, தானே பிடித்துக்கொண்டு காட்டினார். குழலைச் சுற்றி இடது கை பிடிக்கிற உறைக்கு ஹேண்ட்கார்டு என்று பெயர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கறுப்பு அலுமினியம். பக்கவாட்டில் நீளநீளமாக ஓட்டைகள். என் தாளை அதன் மேல் வைத்தேன். ஓட்டைக்கு நேராகச் சிவக்காத இடம், உலோகத்துக்கு நேராகச் சிவந்த கோடு. அச்சு எடுத்தது போலப் பொருந்தியது.

தலைவர் மீசையைத் தடவியபடி தாளையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஷூட்டிங் மாஃபி," என்றார். யாரும் சுடவே இல்லை. நிழலில்லாத கேட்டில் நின்றதிலேயே இவ்வளவு சூடு.

"கையுறை கொடுத்திருக்காங்களே?" என்றேன். வியர்வையில் ஊறிப்போகிறது, பத்து நிமிடத்தில் எல்லோரும் கழற்றிவிடுகிறார்கள் என்று சைகையிலேயே சொன்னார்.

மத்தியானச் சாப்பாட்டில் பொருள் வாங்கும் பிரிவின் அதிகாரியிடம் இதைச் சொன்னேன். அவர் சென்னைக்காரர். குடும்பத்தோடு அல் கோபார் நகரில் தங்கி, அங்கிருந்து தினமும் வந்துபோவார். அவசர நிலைத் தயாரிப்புக் குழுவில் அவரும் ஒருவர்.

சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பிரதர், அந்த ஹேண்ட்கார்டைத்தான் மாத்தப் போறோம். ஆடுதுன்னு கம்ப்ளெயின்ட். புதன்கிழமை துபாய்ல இருந்து ஒருத்தர் நாலு சாம்பிள் எடுத்துட்டு வரார். நீங்களும் வந்துடுங்க."

"நானா? சார், துப்பாக்கிக்கு எது முன்பக்கம்னே எனக்குத் தெரியாது."

"எல்லாரும் தூக்கி ஓடறதுக்குத் தயாரா இருக்காங்களான்னு பாக்கறாங்களே தவிர, பிடிக்கிற கையைப் பத்தி யாரும் பேசலை. நீங்க வந்து பேசுங்க."

புதன்கிழமை வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊசி போடுவதற்கும் மருந்து கொடுப்பதற்கும் வந்தவனிடம் துப்பாக்கியைப் பற்றி அபிப்பிராயம் கேட்கிறார்கள்! ஒத்திகையில் ஓடுகிறவர்களைக் கிளினிக் ஜன்னல் வழியாகக் கவனித்துப் பார்த்தேன். எங்கே பிடிக்கிறார்கள், எப்போது கையை மாற்றுகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கூட்டத்தில் மேசை மேல் நான்கு ஹேண்ட்கார்டுகள் இருந்தன. முதலாவது, இப்போது இருப்பதைப் போலவே ஓட்டை போட்ட அலுமினியம், ஆனால் ஆடாமல் இறுக்கமாக நிற்பது. இரண்டாவதும் அலுமினியம். நான்கு பக்கமும் பற்கள் போல வரிவரியாக வெட்டியிருந்தார்கள். அதில் டார்ச், கூடுதல் கைப்பிடி என்று எதையும் மாட்டலாம். மூன்றாவது தடித்த பிளாஸ்டிக், உள்ளே மெல்லிய தகடு. நான்காவது தகடில்லாத லேசான பிளாஸ்டிக்.

துபாயிலிருந்து வந்த விற்பனைப் பிரதிநிதி பம்பாய்க்காரர், நல்ல பேச்சுக்காரர். இரண்டாவதைக் கையில் எடுத்து, படக் படக்கென்று டார்ச்சை மாட்டிக் காட்டினார். அறையிலிருந்த அத்தனை பேரின் கண்ணும் விரிந்தது. காவல் தலைவர் அதை வாங்கி ஒரு குழந்தையைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கலாஸ். இதுதான்," என்றார். கலாஸ் என்றால் முடிந்தது. கூட்டமும் அத்தோடு முடிந்துவிடும் போலிருந்தது.

நான் எழுந்தேன். "சார், நாலையும் ஒரு மணி நேரம் வெயில்ல வச்சுப் பாக்கலாமா?"

பிரதிநிதி சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. என் தாள் அவருக்கு ஞாபகம் இருந்தது. "யல்லா," என்று எழுந்தார்.

கிளினிக் மொட்டைமாடியில் நான்கையும் வரிசையாக வைத்தோம். பகல் பன்னிரண்டு மணி. ஒரு மணி நேரம் கழித்து, எல்லோரும் பார்க்க, கம்பி முனையுள்ள வெப்பமானியை ஒவ்வொன்றின் மேலும் வைத்து அளந்தேன். பிளாஸ்டிக் சூடு குறைவாகக் காட்டும், ஜெயித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

நான்கும் கிட்டத்தட்ட ஒரே சூடு. பிளாஸ்டிக் ஒரு டிகிரி கூடவே இருந்தது.

"தேக்கோ பாய், சப் சேம் ஹை," என்று பிரதிநிதி என் தோளில் தட்டினார். எல்லாம் ஒன்றுதானாம். சென்னைக்காரர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு முகம் கொதித்தது. வெப்பமானி பொய் சொல்லாது. அந்த உள்ளங்கைகளும் பொய் சொல்லவில்லையே?

கீழே எங்கள் ஆம்புலன்ஸ் நின்றது. அதைப் பார்த்ததும் மண்டையில் பளிச்சென்றது. அந்த வெயிலில் கிடக்கும் வண்டியில் ஏறி சீட் பெல்ட்டை இழுத்தால் உலோகப் பூட்டு விரலைச் சுட்டுவிடும். அதையொட்டி இருக்கிற பிளாஸ்டிக் பட்டன் சுடாது. இரண்டும் கிடப்பது ஒரே வெயிலில்தான்!

"சார்!" கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். "எவ்வளவு சூடா இருக்குன்னு பாத்தா போதாது சார். அந்தச் சூடு எவ்வளவு வேகமா கைக்குள்ள ஏறுதுன்னு பாக்கணும். தெர்மாமீட்டரை விடுங்க. கையால பிடிச்சுப் பாருங்க. பத்து எண்ணுற வரைக்கும். நான் சொல்லுதேன், தாங்காது. தாங்கலைன்னா உடனே விட்ருங்க."

முதலில் தலைவரே முன்வந்தார். தனக்குப் பிடித்த அந்த வரி வெட்டிய அலுமினியத்தை எடுத்தார். சுற்றி நின்ற காவலர்கள் எண்ண ஆரம்பித்தார்கள். "வாஹித்! இத்னேன்! தலாத்தா..." மூன்றிலேயே அவர் அதைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறினார். மாடியே சிரிப்பில் அதிர்ந்தது. தடித்த பிளாஸ்டிக்கை எடுத்தார். எண்ணிக்கை பத்தைத் தாண்டியது, பதினைந்தையும் தாண்டியது. அவர் முகத்தில் ஆச்சரியம் பரவுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. காவலர்கள் வரிசையில் நின்றார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் ஏறிவந்தார். சென்னைக்காரர் சட்டைக்கையை மடித்துவிட்டு வந்து, அலுமினியத்தில் நான்கு எண்ணும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். "ஆபீஸ் கைங்க, அதான்," என்று கையை ஊதிக்கொண்டார். கடைசியில் பிரதிநிதியும் பிடித்தார். மூன்றில் விட்டார். ஆனால் அவர் விடாக்கண்டர். "சுட்டுப் பாருங்கள். குழல் சூடானால் பிளாஸ்டிக் என்ன ஆகிறது என்று அப்போது தெரியும்," என்றார்.

அது நியாயமான கேள்வி. வியாழனும் வெள்ளியும் விடுமுறை. சனிக்கிழமை காலை காவல் பிரிவின் சுடுதளத்துக்குப் போனோம். காதை மூடும் கருவி மாட்டியிருந்தும் முதல் வெடிக்கு நான் ஓரடி பின்னால் போய்விட்டேன். நெஞ்செலும்பில் யாரோ தட்டியது போல இருந்தது. பயமில்லை, ஒரு குதூகலம். அடுத்த வெடிக்குக் காத்திருந்தேன்.

தகடில்லாத லேசான பிளாஸ்டிக் முதலில் தோற்றது. தொடர்ந்து சுட்டதும் ஒரு கருகல் வாடை வந்தது, தலைவர் அதைத் தூர வைக்கச் சொன்னார். அலுமினியம் இரண்டும் கையைச் சுட்டன. தகடு வைத்த தடித்த பிளாஸ்டிக் கடைசிவரை கையில் பிடிக்கும்படி இருந்தது. ஆனால் பிரதிநிதி சொன்னதிலும் உண்மை இருந்தது. சுடுவதை நிறுத்தியதும் அலுமினியம் சீக்கிரம் ஆறியது, பிளாஸ்டிக்குக்குள் சூடு வெகுநேரம் தங்கியது. அதையும் என் நோட்டில் எழுதி, வாசித்தும் காட்டினேன். மறைத்தால் அது பரிசோதனை அல்லவே.

தலைவர் மூன்றாவதை இன்னொரு முறை கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு அரபியும் இந்தியும் கலந்து நிதானமாகச் சொன்னார். அவருடைய ஆட்கள் ஆண்டில் ஓரிரு நாள்தான் சுடுகிறார்கள். மீதி எல்லா நாளும் வெயிலில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சைரன் ஊதும்போது துப்பாக்கி கையில் இருக்க வேண்டும், தரையில் அல்ல. "மூன்றாவது," என்றார்.

"டார்ச் எங்க மாட்டறது?" என்று சென்னைக்காரர் கேட்டார். இரவுக் காவலுக்கு அது வேண்டும்.

பிரதிநிதி தோற்ற மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. பையைத் துழாவி, விரல் நீளத்துக்கு ஒரு வரிப்பட்டையை எடுத்தார். மூன்றாவதின் முன்நுனியில், கை படாத இடத்தில் அதைத் திருகிவிடலாமாம். "இதை முதல்லயே காட்டியிருக்கலாமே!" என்று நான் கேட்க, "நீங்க முதல்லயே கேட்கலையே பாய்!" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

புதிய ஹேண்ட்கார்டுகள் வந்து பொருத்தியபோதும் வெயில் குறைந்திருக்கவில்லை. அதற்கடுத்த ஒத்திகையன்று கிளினிக்கில் தீக்காய மருந்துத் தட்டைத் தயாராக வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். சைரன் ஊதியது. பூட்ஸ் சத்தம் கடந்து போனது, திரும்பி வந்தது. ஒருவர் வந்தார், கணுக்கால் பிசகி. வேறு யாரும் வரவில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டுத் தட்டை மூடினேன். யாருமே வராததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த வேலையில் எனக்கு அதுதான் முதல் தடவை.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போன் பேசும்போது மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மாடி, எண்ணிக்கை, தலைவர் கையை உதறியது, சுடுதளம். மனைவி முழுவதையும் கேட்டாள்.

"நீங்க அங்க ஆஸ்பத்திரி வேலைக்குத்தானே போனீங்க?" என்றாள்.

"ஆமா. இதுவும் அதுதான்," என்றேன்.

அவள் சிரித்தாள். "சரி, அந்த அலுமினியத்த நீங்க எத்தன எண்ணுற வர பிடிச்சீங்க?"

எல்லோரையும் பிடிக்கவைத்த அவசரத்தில் நான் பிடிக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.