காது வலி என்று சொல்லிப் போன நாள்

டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு இன்றைக்கும் பேச்சு வராது. அவர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, நான் கேட்க நினைத்ததைப் படியிறங்கும்போதுதான் ஞாபகப்படுத்திக்கொள்வேன். அம்மை அப்படி இல்லை. எண்பதை நெருங்குகிறாள். பிரஷர் மாத்திரையின் நிறம் மாறியிருந்தால்கூட ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாயில் போடுவாள். அந்தப் பழக்கம் அவளுக்கு எந்த நாளில் வந்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு இடது காதில் வலி. வலி என்றால், அம்மை சொல்லித் தந்த வலி.

நான் அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்தேன். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். வயல் இரண்டு பேருக்கும் பொது. முடிவெடுப்பது மட்டும் பெரியப்பா. அப்பாவுக்கு "அண்ணன் சொன்னா சரிதான்" என்ற ஒரு வாக்கியமே காலம் முழுக்கப் போதுமாக இருந்தது.

அம்மையின் மார்பில் ஒரு கட்டி வந்தது. நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி வைத்து எடுத்துச் சோதித்தார்கள். சோதனைக் காகிதம் வந்த அன்று அம்மையை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அப்பாவையும் பெரியப்பாவையும் உள்ளே அழைத்து டாக்டர் பேசினாராம். திரும்பி வந்ததும் பெரியப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டி, வருகிற வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்றார். எதற்கு நல்ல நாள் என்று அம்மை கேட்டாள்.

"சின்ன ஆப்பரேஷன். உனக்கு அதெல்லாம் தெரியண்டாம். நாங்க இருக்கோம்லா."

பெரியப்பா காகிதத்தை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். பேச்சு அதோடு முடிந்தது. கேன்சர் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்கவில்லை. ஒரு பக்கத்து மார்பை முழுதாக எடுத்துவிடப் போகிறார்கள் என்று அம்மைக்குத் தெரிந்தது, அந்த ஆஸ்பத்திரியில் தரை கூட்டிக்கொண்டிருந்த பெண் "பாவம், இந்த வயசுல ஒரு பக்கத்த முழுசா எடுக்கப் போறாவளே" என்று சொல்லிப் பரிதாபப்பட்டதால்தான். தரை கூட்டுகிறவளுக்குத் தெரிந்தது அதுவரை அம்மைக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் அம்மை என்னைக் குளத்தங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள்: "மக்கா, உனக்கு இடது காது வலிக்கு. ரெண்டு நாளா வலிக்கு. ராத்திரி உறங்கவே இல்ல. கேட்டியா?"

நன்றாக உறங்கியிருந்த நான் சரி என்றேன்.

அந்த வாரம் கன்னிப்பூ நெல் அறுப்பு. வீட்டில் ஆண்களுக்குத் தலை சொறிய நேரமில்லை. காதுக்குத் திருவனந்தபுரத்தில் நல்ல டாக்டர் இருக்கிறார் என்று அம்மை சொன்னபோது, பெரியப்பா கருக்கரிவாள்களை எண்ணிக்கொண்டே, "போயிட்டு வெளிச்சத்தோட வந்துருங்கோ" என்றார். பஞ்சாங்கத்துக்குள் இருந்த காகிதம் அப்போது அம்மையின் பைக்குள் இருந்தது.

வடசேரியில் பஸ் ஏறினோம். காதில் பஞ்சு வைத்திருந்தேன். தக்கலையில் எங்கள் ஊர்க்கார மாமா ஒருவர் ஏறி, நேரே எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏலே, எங்க யாத்திரை?"

நான் வலது காதைப் பொத்திக்கொண்டு, "காது வலி மாமா" என்றேன்.

"பஞ்சு இந்தக் காதுல, வலி அந்தக் காதுலயா?"

அம்மை ஜன்னலைப் பார்த்தபடியே, "அது ஓடுத வலி அண்ணாச்சி. அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டே கிடக்கு" என்றாள். மாமா மார்த்தாண்டத்தில் இறங்கும் வரை, ஓடும் வலிக்குப் பூண்டு சுட்டு வைக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் மத்தியானம் வரை காத்திருந்தோம். அந்த டாக்டர் ஒரு பெண். தடித்த கண்ணாடி. மலையாளத்தில்தான் பேசினார். அது எங்களுக்கு அரைகுறையாகப் புரியும். காகிதத்தைப் படித்துவிட்டு, "கூடெ ஆராணு வந்நது?" என்றார். அம்மை என்னைக் காட்டினாள்.

"ஆணுங்ஙள் ஆருமில்லே?"

"இதும் ஆம்பிளதான டாக்டரே. எதுன்னாலும் எங்கிட்ட சொல்லுங்கோ. உடம்பு என்னோடதுல்லா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி அம்மையை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு அவளைத் துணி மறைப்புக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போனார். நான் இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டேன்.

"பேடிக்கண்டா. கேன்சர் தன்னெயாணு. முழுவன் எடுத்து மாற்றணம்."

எனக்கு அதில் பிடிபட்டது கடைசிச் சொற்கள்தான். முழுசாக எடுத்து மாற்ற வேண்டும். மாற்றுவது எனக்குத் தெரியும். எங்கள் மோட்டாருக்கு வாஷர் மாற்றுவார்கள். டார்ச் லைட்டுக்குப் பாட்டரிக்கட்டை மாற்றுவார்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது. இதற்காகவா அம்மை நாலு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள் என்று நினைத்தேன். மலையாளத்தில் மாற்றுவது என்றால் அகற்றுவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அம்மை கேள்வி கேட்கத் தொடங்கினாள். கட்டியை மட்டும் எடுத்தால் போதாதா? போதாது, கட்டி பெரியது, கக்கத்திலும் பரவியிருக்கிறது. கை தூக்க முடியுமா? முடியும், பழக்க வேண்டும். குடம் எடுக்கலாமா? அந்தக் கையால் கொஞ்ச நாளைக்குக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் டாக்டர் நிதானமாகப் பதில் சொன்னார். கடைசியாக அம்மை, "எடுத்த பெறவு திரும்ப வருமா?" என்றாள்.

காகிதத்தை மறுபடி புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டர், "அறிஞ்ஞூடா" என்றார்.

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அது ஒருமுறைதான். மறைப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது அம்மையின் கண் சிவந்திருந்தது. ஆனால் நடை வேறாக இருந்தது. வாசல் வரை போனவள் திரும்பி, "டாக்டரே, இவன் காதுக்கு ஒரு மருந்து எழுதித் தாங்கோ. வீட்டுல காட்டணும்" என்றாள். டாக்டர் சிரித்துக்கொண்டே என் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்து, ஒரு சொட்டு மருந்து எழுதினார்.

நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது பெரியப்பா களத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"காது எப்பிடிலே இருக்கு?"

ஊருக்கு நல்ல செய்தி கொண்டு வந்தவன் நான். மறைக்க வேண்டும் என்பதே மறந்துபோய்விட்டது. "பெரியப்பா, முழுசா எடுத்து மாத்தணுமாம்! புதுசு வைப்பாவ!"

"காதையாலே?"

"காது இல்ல. அம்மைக்கு."

பெரியப்பா நேரே உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து உதறினார். ஒன்றும் விழவில்லை. அப்பாவும் வந்துவிட்டார்.

"நமக்குத் தெரியாம தன் உடம்பக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா" என்றார் பெரியப்பா, அப்பாவைப் பார்த்து. பிறகு அம்மையிடம், "செரி, அங்க என்ன சொன்னாவ?" என்றார்.

"முழுசா எடுக்கணும்னு."

"நாரோயில் ஆஸ்பத்திரியிலயும் அதத்தான சொன்னாவ? பின்ன எதுக்கு அம்புட்டுத் தூரம் போனே?"

அம்மை பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நாரோயில்ல உங்ககிட்ட சொன்னாவ அத்தான். அங்க எங்கிட்ட சொன்னாவ. வெள்ளிக்கிழமை நான் வரல்ல. அந்த டாக்டர்கிட்டதான் செய்யப் போறேன். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை ஆராவது உடம்புல கத்தி வைப்பாவளா?"

"அவ வைப்பா. செவ்வாய்க்கிழமதான் அவளுக்கு ஆப்பரேஷன் நாள்."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா வழக்கம்போல, "அண்ணன் சொன்னா..." என்று தொடங்கினார். அம்மை அவரைப் பார்த்தாள்.

"அவ உடம்பு. அவ சொன்னா சரிதான்" என்றார் அப்பா.

செவ்வாய்க்கிழமையே நடந்தது. அம்மை மூன்று வாரம் கழித்து வந்தாள். வாங்கிய மருந்து வீணாகக் கூடாது என்று அதுவரை பெரியம்மை தினமும் என் காதில் இரண்டு சொட்டு விட்டாள்.

வந்த மறுநாள், அம்மை இடது கையைச் சுவரில் வைத்து, விரல்களால் ஊர்ந்து ஊர்ந்து மேலே ஏற்றிப் பழகிக்கொண்டிருந்தாள். ஜாக்கெட்டின் ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எம்மா, மாத்தல்லியா?"

அவள் சுவரிலிருந்து கையை எடுக்காமலே சிரித்தாள். "மாத்தியாச்சு மக்கா" என்றாள். முந்தின நாள் தொட்ட இடத்துக்கு ஒரு விரல்கடை மேலே கையைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அந்தக் கண்ணாடி டாக்டர் மேல் எனக்குக் கடும் கோபம் வந்தது. பழையதை எடுத்துக்கொண்டு புதியதைத் தராமல் அனுப்பிவிட்டாள். அவ்வளவு தூரம் போய், அத்தனை கேள்வி கேட்டும், அம்மை ஏமாந்து வந்துவிட்டாளே என்று நினைத்தேன். கேட்டால் வருத்தப்படுவாள் என்று பிறகு ஒரு நாளும் அவளிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கப் போனதை அவள் முழுசாக வாங்கிக்கொண்டுதான் அந்த ஆஸ்பத்திரிப் படியிறங்கினாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.