அத்தானின் இசைத்தட்டு உறைகள்

அந்த உறை சாதாரண வெள்ளைத் தாளில் ஜெராக்ஸ் எடுத்து, கையால் மடித்து, பசை தடவி ஒட்டியது. முன்பக்கத்தில் ஏதோ ஒரு பழைய தொழிற்சாலையின் படம், பாதிக்கு மேல் கறுப்பாக அப்பிப் போயிருக்கும். உள்ளே ஏழங்குல இசைத்தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. பின்பக்கத்தின் அடியில் பென்சில் கோடுகள். நான்கு நேர்க்கோடு, அவற்றின் குறுக்கே ஐந்தாவது கோடு, இப்படிக் கட்டுக்கட்டாக. அந்தக் கோடுகளை ஒருநாள் காலையில் ரப்பர் வைத்து அழித்தவள் நான்தான். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறந்திருப்பேன். நல்லது செய்வதாக நினைத்துச் செய்தேன், அதனால் இன்னும் உறுத்துகிறது.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், தூத்துக்குடி துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தார். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை வெயிலில் நின்று எண்ணி, கட்டுக்குக் கட்டு கோடு போடுவதுதான் வேலை. மழையில் மை கரைந்துவிடும் என்பதால் சட்டைப்பையில் எப்போதும் பென்சில். எண்பதுகளில் ஒரு வெளிநாட்டுக் கப்பலின் சமையல்காரர் எங்கள் ஊர் மக்ரூன் இனிப்பில் மயங்கி, ஒரு பெட்டி மக்ரூனுக்குப் பதிலாகத் தன் அறையில் கிடந்த நான்கு தட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். போஸ்ட் பங்க் என்றும் நியூ வேவ் என்றும் அந்தச் சங்கீதத்துக்குப் பெயர் உண்டு என்பது அத்தானுக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரியும். எங்கோ மூடிக் கிடக்கும் ஆலைகளின் ஊரில் வேலையில்லாத நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு வாத்தியத்தை அரைகுறையாகக் கற்று, சில நூறு பிரதிகள் அடித்துவிட்டுக் காணாமல் போயிருப்பார்கள். அதன் பிறகு மக்ரூன் விஷயம் மாலுமிகளுக்குள் பரவிவிட்டது. கேசட் வந்து தட்டுகளைத் தூக்கிப்போட நினைத்தவர்களெல்லாம் அத்தானைத் தேடி வந்தார்கள். பாட்டு முடிந்த பிறகு ஊசி சும்மா சுற்றுகிற வெற்றிடத்தில், தட்டு வார்த்தவர்கள் யாரோ பொடி எழுத்தில் எதையாவது கீறி வைத்திருப்பார்கள். அத்தான் அதைப் பூதக்கண்ணாடியில் படித்து ஒரு நோட்டில் எழுதிவைப்பார். இருநூற்றுச் சொச்சம் தட்டுகள் சேர்ந்தன.

அக்கா எங்கள் மாவட்டத்து நாசரேத்தில் வளர்ந்தவள், அங்கே சர்ச் பாடகர் குழுவில் பாடியவள். சுருதி பிசகினால் அவளுக்குப் பல் கூசும். "கிரீஸ் போடாம மூட்ட தூக்குற வின்ச்சு மாதிரி இருக்கு இது. இதப்போய் பொத்திப் பொத்தி வைக்கிய" என்பாள். அத்தான் அசர மாட்டார். "அவனுவளுக்குப் பாடத் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ரெண்டும் சரியாப் போச்சு" என்பார். நான் பார்த்தவரை, பாட்டு ஓடும்போது அக்கா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி அந்த அறையிலேயேதான் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து அறையில் காற்றாடி இருந்தும் அங்கே போகமாட்டாள். அது ஏன் என்று எனக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

அக்கா இறந்து ஒரு வருடம் ஆனபோது மகன் அத்தானைக் கோயம்புத்தூருக்கு வந்துவிடச் சொன்னான். அவனுடையது இரண்டு அறை வீடு, தட்டுகளுக்கு இடமில்லை. காயலான் கடைக்குப் போய்விடக் கூடாது, போட்டுக் கேட்கிற ஒருவர் கையில் சேர வேண்டும் என்பது மட்டும்தான் அத்தானின் கவலை. விசாரித்ததில் பெங்களூரில் இதே பைத்தியம் பிடித்த ஓர் இளைஞர் கிடைத்தார். மரியாதையான பிள்ளை. அத்தானுக்குப் போனில் இங்கிலீஷ் பேச வராது என்பதால் நான்தான் பேசினேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னவர், உறைகளில் பென்சில் கிறுக்கல் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். இந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் அத்தானிடம் சொல்லவில்லை. முப்பது வருடம் ஓவிய ஆசிரியையாக இருந்தவள் நான். தாளில் பிசிறு கிளம்பாமல் பென்சிலை அழிக்க இந்த மாவட்டத்தில் என்னைவிட்டால் ஆள் இல்லை என்ற திமிர் எனக்கு உண்டு.

அக்காவின் கல்லறைக்குக் கல் செய்யச் சொல்லிவர அத்தான் நாசரேத் போயிருந்த காலைப்பொழுது அது. மெத்தென்ற ரப்பராகப் பார்த்து வாங்கி வந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு உறையிலும் இடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கம் ஒரு வரிசை. ஒரு பக்கம் இடம் போதாமல் மறுபக்கம் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் நாற்பது உறைகள் புதுசு மாதிரி ஆகிவிட்டன. அத்தான் வந்ததும் காட்டிப் பாராட்டு வாங்க வேண்டும் என்று வரிசையாகப் பரப்பி வைத்திருந்தேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார். ஓர் உறையை எடுத்துத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். பிறகு அந்தத் தொழிற்சாலைப் படம் போட்டதைத் தேடி எடுத்து, அதையும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏளா, யாரு உன்னைய அழிக்கச் சொன்னா?"

நான் பெங்களூர்க்காரர் சொன்னதைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஹார்பர்ல ஒருத்தன் எண்ணுனத மட்டும் நம்ப மாட்டாவ. கரைக்கு ஒரு ஆளு, கப்பலுக்கு ஒரு ஆளு. ஷிப்ட் முடியும்போது ரெண்டு பேரு கோடும் ஒத்துவந்தாத்தான் கையெழுத்து. கல்யாணமான புதுசுல இத உங்க அக்காட்ட சொன்னேன். அன்னைக்கே பென்சிலப் பிடுங்கிட்டா. நீங்க கரை, நான் கப்பல்னு சொல்லிட்டா. ஒரு தட்ட ஒருதடவ போட்டுக் கேட்டா நான் இடப்பக்கம் ஒரு கோடு, அவ வலப்பக்கம் ஒரு கோடு."

கையிலிருந்த உறையைக் காட்டினார்.

"எல்லாத்துலயும் ரெண்டும் சரியாத்தான் இருக்கும். இதுல மட்டும் நான் பன்னெண்டு, அவ பத்தொம்பது. போன மாசம் பெட்டியப் பிரிக்கும்போதுதான் பாத்தேன். நான் டூட்டிக்குப் போன பொறவு ஏழு தடவ தனியா போட்டுக் கேட்டிருக்கா. நான் இருந்தா வின்ச்சுங்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அவரிடம் கடைசிவரை சொல்லாமல் போன ஒன்றை அவர் கண்டுபிடித்து ஒரு மாதம்தான் ஆகிறது, அதைத் துடைத்துவிட்டு அவர் முன்னால் பாராட்டுக்கு நிற்கிறேன். திரும்பவும் அதேபோலப் போட்டுத் தருகிறேன் அத்தான் என்று உளறினேன். அவர் காதில் வாங்கவில்லை. உறையிலிருந்து தட்டை உருவி வைத்துவிட்டு, வெறும் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

"இங்கன வா. கையக் கொண்டா."

வலப்பக்கம் விரலை வைத்தேன். கோடு கோடாகப் பள்ளம் தட்டுப்பட்டது. அக்கா எதை எழுதினாலும் அழுத்தித்தான் எழுதுவாள், மளிகைச் சீட்டு எழுதினால்கூட அடுத்த தாளில் படிந்துவிடும். பென்சில் போயிருந்தது, அவள் அழுத்தம் போகவில்லை. எண்ணினேன், பத்தொன்பது. இடப்பக்கம் வழவழவென்று இருந்தது. நாள் முழுக்கக் கோடு போடுகிறவர் மணிக்கட்டு நோகாமலிருக்கத் தொட்டும் தொடாமலும்தான் போடுவார்.

"அவ போட்டது இருக்கு. நான் போட்டதுதான் போச்சு, போனாப் போவுது" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவர் பேனா பிடித்து நான் பார்த்தது குறைவு. வலப்பக்கத்துப் பள்ளங்களுக்குக் கீழே, தாள் கிழிந்துவிடுமோ என்று நான் பயப்படுகிற அளவுக்கு அழுத்தி, முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மற்ற தட்டுகள் பெங்களூருக்குப் போய்விட்டன. அழிக்காமல் மிச்சமிருந்தவற்றைக் கோடுகளோடு அப்படியே வைத்துக்கொள்வதாக, விஷயம் தெரிந்ததும் அந்தப் பிள்ளை சொன்னார். இந்த ஒன்று மட்டும் கோயம்புத்தூரில் இருக்கிறது. போட்டுக் கேட்க மகன் வீட்டில் பிளேயர் கிடையாது. போன வாரம் பேத்தி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லாத பின்பக்கத்தில் தாத்தா எதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று என்னிடம் போனில் கேட்டாள். தடவிப் பாரு என்றேன்.